சோர்ந்துபோகும் ஊழியருக்கு மேலாளர் செய்யக்கூடியது என்ன?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு நீங்கள் பொறுப்பாளர். ஆறு மாதங்களுக்கு முன் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. அவர் பார்த்துவந்த வேலையில் பெரும்பகுதி, குழுவிலேயே மிகவும் நம்பகமான ஒருவரின் தலையில் விழுந்தது. அண்மைக் காலமாக அந்த நபர் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை, நள்ளிரவில் மின்னஞ்சல் அனுப்புகிறார், இதுவரை செய்யாத சிறு தவறுகளைச் செய்கிறார். நிறுவனத்தில் உளவியல் ஆலோசகரை அழைக்க ஒரு தொலைபேசி எண் உண்டு. மாதம் ஒரு தியான வகுப்பும் நடக்கிறது. அவரிடம் எப்படிப் பேசுவது, எவ்வளவு தூரம் விசாரிக்கலாம், மற்றவர்களுக்கும் இப்படி நேராமல் இருக்க என்ன செய்வது என்பவை உங்கள் கேள்விகள்.

மூன்றில் இரண்டு கேள்விகள் பேச்சைப் பற்றியவை என்றாலும், நான் வேலையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். நீங்கள் விவரித்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு அவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. ஒருவர் ஏறத்தாழ இரண்டு பேருடைய வேலையை ஆறு மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறார் என்பதோ இருவருக்கும் ஐயமின்றித் தெரிந்த விஷயம். அதை மாற்றும் அதிகாரம், முழுமையாக இல்லாவிட்டாலும் பெருமளவு, உங்களிடம் இருக்கிறது. அதில் கை வைக்காமல் எவ்வளவு இதமாகப் பேசினாலும், இவர்கள் அக்கறையாகக் கேட்பார்கள், ஆனால் எதுவும் மாறப்போவதில்லை என்ற முடிவுக்கே அவர் வருவார். அந்த முடிவுக்கு வந்துவிட்ட ஒருவரை மறுபடியும் மனம் திறக்க வைப்பது மிகக் கடினம்.

வேலைச் சூழல் மனத்தை எப்படிப் பாதிக்கிறது என்பது பற்றி அரை நூற்றாண்டாக நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 1979-இல் ராபர்ட் கரசெக் என்ற சமூகவியலாளர் முன்வைத்த கருத்து இன்றும் அடிப்படையாக இருக்கிறது: வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஒருவரை உடைத்துவிடுவதில்லை, வேலையும் அதிகமாக இருந்து, அதை எந்த வரிசையில், எந்த முறையில், எந்த வேகத்தில் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் இல்லாதபோதுதான் பாதிப்பு கடுமையாகிறது. பிரிட்டனின் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1985 முதல் பின்தொடர்ந்துவரும் வைட்ஹால் ஆய்வில், தங்கள் வேலையில் தங்களுக்குக் கட்டுப்பாடு குறைவு என்று இருந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது தெரியவந்தது. 1996-இல் ஜொஹானஸ் சீக்ரிஸ்ட் இன்னொரு கோணத்தைச் சேர்த்தார்: ஒருவர் கொட்டும் உழைப்புக்கும், திரும்பக் கிடைக்கும் ஊதியம், மதிப்பு, வேலை உறுதி ஆகியவற்றுக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு நீடித்தால் உடலும் மனமும் நலிகின்றன என்றார்.

உங்கள் ஊழியரின் நிலைமையை இந்தக் கருத்துகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதல் வேலையை அவர் கேட்டு வாங்கவில்லை. எது முதலில், எது பிறகு என்று யாரும் அவரோடு உட்கார்ந்து பேசவில்லை. எப்போது முடியும் என்ற தேதியும் இல்லை. பதவியோ ஊதியமோ உயர்ந்ததாகவும் நீங்கள் எழுதவில்லை. நன்றாக வேலை செய்பவர் என்பதே அவர் மேல் மேலும் வேலை சேரக் காரணமாகிவிட்டது. இது பல அலுவலகங்களில் நடப்பதுதான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. அவசரத்தில் நம்பகமானவரிடம் கொடுப்பது எளிதாக இருக்கிறது, அவரும் மறுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இந்த வாரத்திலேயே அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் செய்யும் வேலைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை யார் கேட்கிறார்கள், வாரத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது, ஒரு மாதம் செய்யாமல் விட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று குறியுங்கள். இந்தப் பயிற்சியைப் பல குழுக்களோடு செய்திருக்கிறேன். பெரும்பாலும் மூன்று வகை வேலைகள் வெளியே வரும். ஒரே விவரத்தை இரண்டு வடிவங்களில் இரண்டு மேலதிகாரிகளுக்கு அனுப்பும் வாராந்திர அறிக்கை ஒன்று இருக்கும். முன்பிருந்த மேலாளர் ஏதோ ஒரு காரணத்துக்காகக் கேட்டு, அவர் மாற்றலாகிப் போன பின்னும் யாரும் நிறுத்தச் சொல்லாததால் தொடரும் அட்டவணை ஒன்று இருக்கும். வேறு துறை செய்ய வேண்டியதை, இவருக்கு அந்தத் துறையில் பழக்கம் உண்டு என்பதால் இவரே முடித்துக்கொடுப்பதும் ஒன்று இருக்கும். அவற்றை நிறுத்துவது, சேர்ப்பது, உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது உங்கள் வேலை. "எது முக்கியம்னு நீங்களே பார்த்துக்கோங்க" என்று அவரிடமே விட்டுவிடாதீர்கள். சோர்ந்திருப்பவரிடம் முன்னுரிமை வகுக்கும் சுமையையும் ஏற்றினால், எதையும் விட மனமில்லாமல் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வார். நள்ளிரவு மின்னஞ்சல்கள் அதன் விளைவுதான்.

தியான வகுப்பையும் ஆலோசனை எண்ணையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவற்றால் பயன்பெற்றவர்களை எனக்குத் தெரியும். ஆயினும் அவை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில் தெளிவு வேண்டும். 2024-இல் வில்லியம் ஃப்ளெமிங் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விவரங்களை எடுத்துக்கொண்டது. மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி, மன உறுதிப் பயிற்சி, செயலிகள் போன்ற தனிநபர் சார்ந்த திட்டங்களில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நல்ல நிலையில் இருப்பதாக அதில் தெரியவில்லை. ஒரு காலப்புள்ளியில் எடுத்த விவரங்கள் என்பதால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. நன்கு வடிவமைத்த பயிற்சிகள் ஓரளவு உதவும் என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதலும் தனிநபர் பயிற்சிகளை ஒதுக்கவில்லை. ஆனால் பணிச்சுமை, பணி நேரம், முடிவெடுப்பதில் ஊழியரின் பங்கு ஆகியவற்றைச் சீர்செய்யும் நிறுவன அளவிலான மாற்றங்களையும், மேலாளர்களுக்கான பயிற்சியையும் அது சேர்த்தே பரிந்துரைக்கிறது. முதலாவதை மட்டும் செய்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடும் நிறுவனம், தாங்க முடியாத வேலையைத் தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறது. அது நியாயமில்லை என்று ஊழியர்கள் உணர்ந்தேவிடுகிறார்கள்.

இனி பேச்சுக்கு வருவோம். கூட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் "கொஞ்சம் இருங்க, உங்ககிட்ட பேசணும்" என்று நிறுத்தி வைக்காதீர்கள்; அது விசாரணைக்கான அழைப்பாகவே அவர் காதில் விழும். ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டோடும் இதைச் சேர்க்க வேண்டாம். கதவைச் சாத்திப் பேசக்கூடிய இடமும், இடையில் எழுந்து ஓட வேண்டியிராத நேரமும் தேவை. நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "கொஞ்ச நாளா கூட்டத்துல நீங்க அதிகமா பேசறதில்ல. ராத்திரி ஒரு மணிக்கு உங்ககிட்டேருந்து மெயில் வருது. உங்களைப் பத்தி யோசிச்சுக்கிட்டே இருந்தேன். எப்படி இருக்கீங்க?" இதற்குப் பிறகு நீங்கள் பேசாமல் இருப்பது முக்கியம். அந்த அமைதி சங்கடமாகத்தான் இருக்கும். அதை உங்கள் அனுபவக் கதையாலோ அறிவுரையாலோ நிரப்பாதீர்கள்.

பெரும்பாலானவர்கள் முதல்முறை "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். மனநலத்தைப் பற்றிப் பேசினால் பதவி உயர்வு போய்விடும், பலவீனமானவர் என்ற பெயர் வந்துவிடும் என்ற அச்சம் ஊழியர்களிடையே ஆழமாக இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. வற்புறுத்த வேண்டாம். "சரி. ஆனா வேலை அதிகமாயிடுச்சுங்கறது எனக்குத் தெரியும், அதை நான் சரி பண்ணப்போறேன். மத்தபடி எப்ப பேசணும்னு தோணினாலும் வாங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே அந்தத் தாளோடு அடுத்த வேலையைத் தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள். ஒரு வேலையாவது உண்மையிலேயே குறைந்திருப்பதைக் கண்ட பிறகு வரும் பதில், முதல் பதிலைவிடப் பெரும்பாலும் நேர்மையானதாக இருக்கும்.

எவ்வளவு தூரம் விசாரிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையைப் பற்றி எதையும் கேட்கலாம்: எந்த வேலை அதிகம் வாட்டுகிறது, எந்த நேரம் கடினமாக இருக்கிறது, எது குறைந்தால் மூச்சுவிட முடியும் என்றெல்லாம் தயங்காமல் கேளுங்கள். குடும்பச் சூழல், நோயின் பெயர், மருந்து, சிகிச்சை விவரங்கள் ஆகியவற்றை அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகத் துருவ வேண்டாம். அவர் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் மனிதவளத் துறைக்குக்கூடக் கொண்டுபோகக் கூடாது என்பது பொது விதி. உயிருக்கு ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் மட்டும் அந்த விதி தளரும்; அந்த விதிவிலக்கை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவது நேர்மை. "மனச்சோர்வைக் கண்டறியும் கேள்வித்தாள்" என்று இணையத்தில் கிடைப்பதைக் குழுவுக்கு அனுப்பும் மேலாளர்களும் உண்டு. அதைத் தவிர்த்துவிடுங்கள். பணியிடங்களில் இப்படிச் சலித்தெடுப்பதன் நன்மை அதன் தீமையைவிட அதிகம் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கவில்லை.

நோயைக் கண்டறிவது உங்கள் பொறுப்பில்லை என்றாலும், எப்போது மருத்துவ உதவியை நோக்கி அவரை நகர்த்த வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். வேலையால் வரும் தீராத களைப்பு, வேலையின் மீது வெறுப்பும் விலகலும், தன்னால் எதுவும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்த நிலையைப் பணிச்சோர்வு, அதாவது பர்ன் அவுட், என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பதினோராம் பதிப்பு இதை நோயாகக் கருதாமல், வேலை சார்ந்த ஒரு நிலையாகவே குறிப்பிடுகிறது. நீண்ட காலப் பணி அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது என்றும் சொல்கிறது. மனச்சோர்வு நோய் இதிலிருந்து வேறானது. நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரமாவது துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நீடிப்பதும், அதோடு தூக்கம், பசி, கவனம் ஆகியவை குலைவதும் அதன் அடையாளங்கள். விடுமுறையில் வீட்டில் இருக்கும்போதும், முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை என்று ஒருவர் சொன்னால், வேலையைக் குறைப்பது மட்டும் போதாது. மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்கச் சொல்லுங்கள். தொலைபேசி எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், "நாளைக்குக் காலையில ரெண்டு மணி நேரம் எடுத்துக்கோங்க, உங்க வேலைய நான் பார்த்துக்கறேன்" என்று நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அலுவலக நேரத்தில் போக முடியாத சிகிச்சை பலருக்குக் கிடைக்காத சிகிச்சையாகவே முடிகிறது.

"நான் இல்லாமப் போனாத்தான் எல்லாருக்கும் நிம்மதி" என்பது போன்ற சொற்கள் காதில் விழுந்தால் பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது; ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, யாராவது கேட்டார்களே என்ற ஆறுதலே பலருக்கும் கிடைக்கிறது. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், அவர் நம்பும் குடும்பத்தினரையோ நண்பரையோ வரவழைத்து, அன்றைக்கே மருத்துவ உதவி கிடைக்கும் வரை உடனிருங்கள். இந்த ஒரு இடத்தில் ரகசியம் காப்பதைவிட உயிர் காப்பது முன்னால் வரும்.

அவர் விடுப்பில் போக நேர்ந்தால், போகும்போது கவனம் காட்டும் நிறுவனங்கள் பல, திரும்பி வரும்போது கோட்டை விடுகின்றன. மூன்று வாரம் கழித்து வருபவருக்காக அறுநூறு மின்னஞ்சல்களும், யாரும் தொடாமல் வைத்திருந்த கோப்புகளும் காத்திருந்தால், விடுப்பில் தேறிய மனம் அந்த முதல் வாரத்திலேயே மீண்டும் தளர்ந்துவிடும். விடுப்புக்கு முன்பே அவருடைய வேலையை யார் எடுத்துக்கொள்கிறார் என்று பெயர் குறித்து ஒப்படையுங்கள். விடுப்பின்போது எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த வழியில் தொடர்புகொள்ளலாம் என்பதை அவரே சொல்லட்டும். திரும்பியதும் முதல் வாரங்களில் குறைந்த நேரம், குறைந்த பொறுப்பு என்று தொடங்கி, எந்தத் தேதியில் எது கூடும் என்பதை எழுதி வையுங்கள். சிகிச்சையும் வேலையில் செய்யும் மாற்றங்களும் ஒருங்கே நடந்தால் பலன் கூடுதல் என்பதும் மேற்சொன்ன வழிகாட்டுதலின் நிலைப்பாடு. முக்கியமான பொறுப்புகளை அவரைக் கேட்காமலே நிரந்தரமாகப் பறித்துவிடுவதும் ஒரு காயம்தான். பாதுகாப்பதாக எண்ணிக்கொண்டு பலர் அதைச் செய்கிறார்கள்.

இதற்கிடையில், "அவருக்கு என்ன ஆச்சு? அவர் வேலை ஏன் எனக்கு வருது?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். உடல்நிலை, மனநிலை பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். குழுவின் வேலைகளை மறுபடியும் பங்கிடுகிறோம், அதில் எல்லோருடைய பட்டியலையும் பார்க்கப்போகிறோம் என்று சொல்லி, உண்மையாகவே எல்லோரோடும் அந்தத் தாள் பயிற்சியைச் செய்யுங்கள். ஒருவருக்கு மட்டும் சலுகை என்ற மனக்கசப்பு அப்போதுதான் எழாது, அடுத்துச் சரியக்கூடியவர் யார் என்பதும் முன்கூட்டியே தெரியும். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 2004-இல் வகுத்த தரநிலைகள் இந்த ஆய்வுக்கு நல்ல வழிகாட்டி: வேலையின் அளவு, அதன் மீதான கட்டுப்பாடு, கிடைக்கும் ஆதரவு, சக ஊழியர்களுடனான உறவு, பொறுப்பில் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம் என்ற ஆறையும் ஒவ்வொருவர் விஷயத்திலும் பாருங்கள். உறவு என்பதில் அவமதிப்பும் துன்புறுத்தலும் அடங்கும். ஒருவர் இன்னொருவரைத் தொடர்ந்து மட்டம் தட்டுகிறார் என்றால், பாதிக்கப்பட்டவரை ஆலோசகரிடம் அனுப்புவது தீர்வாகாது. மட்டம் தட்டுபவர் மீது நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் கறாராக இருங்கள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வோருக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் மதிப்பிட்டன. இரவு பத்து மணிக்கு உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதி வைத்துக்கொண்டு காலையில் அனுப்புங்கள். "அவசரமில்லை, காலையில் பார்த்தால் போதும்" என்ற குறிப்போடு வரும் செய்தியும் கைபேசியில் மணியடிக்கத்தான் செய்யும், மேலாளர் அனுப்பியது என்றால் பார்க்காமல் இருப்பவர் குறைவு.

தவறுகளை எப்படி எதிர்கொள்கிறீர்கள் என்பது இன்னும் ஆழமாகப் பாயும். 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக நடத்தப்படும் குழுக்களில் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருப்பதைக் கண்டார். அங்கே பிழைகளை மறைக்காமல் வெளியே சொன்னார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். உங்கள் ஊழியர் இப்போது செய்யும் சிறு தவறுகளை நீங்கள் குழுவின் முன் சுட்டிக்காட்டினால், அவர் மட்டுமல்லாமல் மற்ற பதினொரு பேரும் ஒன்றைக் கற்றுக்கொள்வார்கள்: முடியவில்லை என்பதை இங்கே காட்டிக்கொள்ளக் கூடாது.

மனிதவளத் துறை ஒரு கருத்துக்கணிப்பு நடத்தலாமா என்று கேட்கக்கூடும். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் பெயரில்லாக் கணிப்பு என்பது பெயரளவில்தான். வயதையும் பணிக்காலத்தையும் கேட்டாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். முடிவுகளை வைத்து எதையும் மாற்றும் எண்ணம் மேலிடத்தில் இல்லையென்றால், நடத்தாமல் இருப்பதே நல்லது.

கடைசியாக, நீங்கள் மேலே கொண்டுபோக வேண்டியவை. உங்கள் அதிகாரத்துக்குள் அடங்காதவை இரண்டு: காலியிடத்தை நிரப்புவதும், பிற துறைகள் கேட்கும் வேலையை நிறுத்துவதும். தாளில் எழுதிய பணி நேரங்களைக் கூட்டி, எத்தனை பேர் வேலையை எத்தனை பேர் செய்கிறார்கள் என்ற கணக்கோடு எழுத்தில் கேளுங்கள். எவருடைய மனநிலையையும் அதில் குறிப்பிட வேண்டியதில்லை. நியமனத்துக்கு ஒரு தேதி கேளுங்கள். அதுவரை எந்தெந்த வேலைகள் நடக்காது என்பதை அந்தந்தத் துறைகளுக்கு மேலதிகாரியே தெரிவிக்க வேண்டும் என்றும் கேளுங்கள். ஏனெனில் நீங்கள் தெரிவித்தால் அவர்கள் மறுநாளே அந்த ஊழியரிடம் நேரில் வந்து நிற்பார்கள். உங்கள் சொந்தப் பணிப்பட்டியலையும் அதே முறையில் எழுதி அதனுடன் இணையுங்கள். பன்னிரண்டு பேரோடும் முறையாகப் பேசுவதற்கான நேரம் உங்கள் வாரத்தில் எங்கே இருக்கிறது என்பதும் அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான்.